பொட்டாசியமும் ஒரு வாய் இளநீரும்

1

இன்று காலை என் பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுப் பட்டினி என்று பயந்துவிடாதீர்கள். சர்க்கரை உண்டு, மற்ற உப்புகள் உண்டு, நம் உடம்புச் சூட்டில் கதகதப்பான பெட்டியும் உண்டு. பொட்டாசியம் ஒன்றைத்தான் குடுவையில் ஏறக்குறைய இல்லாமல் செய்திருக்கிறேன். மாலைக்குள் அவை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். வருடக்கணக்காக இதே வேலைதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை.

நான் இருப்பது ஜெர்மனியில், பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சிறிய ஊர். பிறந்தது தொண்டாமுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில். அங்கே அம்மாவும் அப்பாவும் இன்னும் தோட்டத்துச் சாளை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அங்க என்ன வேலைங்க அம்மணி?" என்று கேட்பார். பாக்டீரியா என்று சொன்னவுடன், "மருந்து கண்டுபுடிக்கறீங்களா?" என்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஒரு கிருமி உப்பை எப்படி உள்ளே வாங்குகிறது, எப்படி வெளியே தள்ளுகிறது என்று பார்க்கிறேன் என்று சொன்னால், இதற்கா அவ்வளவு தூரம் போனாய் என்ற கேள்வி கண்ணில் தெரியும். மரியாதைக்குக் கேட்கமாட்டார்கள்.

அப்பா ஒருவர்தான் மேற்கொண்டு கேட்டார். அதுவும் நான் 'பம்பு' என்று சொன்னதால்.

"பாக்டீரியாவோட தோலு கொழுப்பால ஆனதுங்கப்பா. உப்பு அதைத் தாண்டி தானா உள்ள போகாது. அதனால அங்கங்க கதவு வெச்சிருக்குது, பம்பு வெச்சிருக்குது."

"எத்தன ஹெச்.பி. கண்ணு?"

கோயமுத்தூர்க்காரரிடம் பம்பு என்றால் அடுத்த கேள்வி அதுதான். ஊரையே மோட்டார் ஓட்டிப் பிழைக்க வைத்தவர்கள் நாங்கள். நான் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "கரண்டு?" என்றார்.

"அதுவே உண்டாக்கிக்குமுங்க."

"த்ரீ பேஸ் எப்ப வருமுன்னு காத்துட்டுக் கெடக்க வேண்டீதில்ல. பொழச்சுது போ."

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வெளியே பொட்டாசியம் தாராளமாக இருக்கும்வரை பாக்டீரியா அலட்டிக்கொள்ளாது. சாதாரண வழிகளிலேயே வேண்டியதை வாங்கிக்கொள்ளும். அதே சமயம் தனக்கு ஆகாத சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். டவுன் பஸ்சில் ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்குவதைப்போல, ஒரு புரோட்டான் உள்ளே வரும் விசையில் ஒரு சோடியம் வெளியே போகும். ஆனால் வெளியே பொட்டாசியம் அருகிப்போனால் நிலைமை மாறுகிறது. அதுவரை தன்னிடம் இல்லவே இல்லாத ஒரு பம்பை அது புதிதாகக் கட்டத் தொடங்கும். அந்தப் பம்பு, தண்ணீரில் தடம் மட்டுமே இருக்கும் பொட்டாசியத்தைக்கூடத் தேடிப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். செலவு அதிகம், சர்க்கரையை நிறையத் தின்னும். பஞ்சகாலத்துக்கு மட்டுமான பம்பு அது. நான் பட்டினி போடுவது அதைக் கட்டச் சொல்லித்தான்.

நேற்று கடைக்குப் போனபோது பழங்கள் வரிசையில் இளநீர் வைத்திருந்தார்கள். பச்சைத் தோலெல்லாம் செதுக்கி, வெள்ளையாக, கூம்பு மண்டையுடன், கண்ணாடித்தாள் சுற்றி. மேலே ஒரு இரும்பு வளையம், இழுத்தால் திறந்துகொள்ளுமாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

2

எங்கள் பக்கம் விருந்தாளியை ஒறம்பரை என்போம். தோப்புக்கு ஒறம்பரை வந்தால் காபிக்கு முன்னால் இளநீர். சொந்தக்காரர் வந்தாலும் சரி, யானை புகுந்து வேலியை முறித்ததைப் பார்க்க வனத்துறைக்காரர் வந்தாலும் சரி, அப்பா கொடுவாளை எடுத்துவிடுவார். குட்டை மரத்திலிருந்து கையாலேயே காய் பறித்து, மூன்று வெட்டில் கண் திறந்து, பப்பாளி இலையின் தண்டை நறுக்கி உள்ளே செருகிக் கொடுப்பார். ஸ்ட்ரா எல்லாம் எங்கள் தோப்புக்குள் வந்ததே இல்லை.

இதில் சில முறைகள் உண்டு. வந்தவர் ஒத்தையில் குடிக்கக்கூடாது. வீட்டுக்காரரும் ஒரு காயைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டும், முதல் வாய் அவர்தான் உறிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால், "நீங்க குடிக்காம நாங்க மட்டும் எப்புடீங்க", "அட நீங்க குடிங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று பேச்சு ஆரம்பித்து, வெயில் இறங்கும்வரை ஓடும். அடுத்தது, வந்தவர் காயைக் காலி செய்துவிட்டால் இன்னொன்று வெட்ட வேண்டும். அவர் குடித்தால் இவரும் குடிக்க வேண்டும். போதும் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, காயை நேராகப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கொடுவாளைக் கீழே போடுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்பேச வரும்போதே இதுவும் வந்துவிடும்.

வீட்டு ஆட்களுக்கு இந்த முறை எதுவும் கிடையாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா ஒரு காயைச் சீவிக் கையில் திணித்துவிட்டு வாய்க்கால் திருப்பப் போய்விடுவார். நான் நின்றபடியே குடிப்பேன். சட்டையெல்லாம் ஊற்றிக்கொள்வேன். அடிவரை சர்ரென்று உறிஞ்சி, மட்டையை மரத்தடிக் குவியலில் எறிந்துவிட்டு, இன்னொன்று வேண்டுமென்றால் கத்துவேன். பிள்ளை குடிக்கிறதே, துணைக்கு உட்காருவோம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றியதில்லை.

3

அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை. அது மெல்ல சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. டாக்டர் விலக்கச் சொன்னவற்றில் வாழைப்பழம் இருந்தது, தக்காளி இருந்தது, கீரை இருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் இளநீர் இருந்தது. பொட்டாசியம் நிறைந்த பொருள்கள் அவை. நம் உடம்பில் பொட்டாசியம் முக்கால்வாசிக்கும் மேல் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும். கூடுவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும் என்பதால் நாம் யாரும் அதைப்பற்றி நினைப்பதில்லை. அப்பாவுக்கு அந்த வழி அடைத்துக்கொண்டது.

அம்மா காய்கறியை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளித்தார். அப்பா சப்பென்று இருக்கும் அந்தப் பொரியலைப் பிசைந்தபடி போனில் என்னிடம் சொன்னார்: "மக பொட்டாசியத்தை உள்ள இழுக்கறதுக்குப் படிக்குது. அப்பன் அதைய வெளிய தள்ள முடியாமக் கெடக்கறேன். நாலு ஏக்கரா எளநிக்கு நடுவுல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வருடம் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு வலியைப்போலவே பிடித்துக்கொண்டது. அதற்கு வழியும் வந்தது. பெங்களூரில் ஒரு கருத்தரங்கு. என்னையும் என்னோடு வேலை செய்யும் கத்ரினையும் அழைத்திருந்தார்கள். பார்த்தால் என் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. புதுப்பிக்கக் கொடுத்தேன், பழையதையும் சேர்த்து. அது திரும்பி வரும்வரை நான் எல்லை தாண்ட முடியாது. கருத்தரங்கு நெருங்கியது, பாஸ்போர்ட் வரவில்லை.

கத்ரின் தனியாகக் கிளம்பினாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், கறாரான பெண். பொட்டாசியம் பம்பைப்பற்றி எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. "உன் ஊர் அங்கிருந்து எவ்வளவு தூரம்? உனக்குப் பதிலாக நான் போய் உன் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட்டும் கொடுத்து அனுப்பினேன். அப்பாவின் சிறுநீரகத்தைப்பற்றி அவளிடம் சொல்லி அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை.

4

ஆடிக்காற்று ஓய்கிற சமயம் கத்ரின் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று நடந்ததை அவள் சொல்லிக் கொஞ்சமும் அம்மா சொல்லிக் கொஞ்சமும் கேட்டிருக்கிறேன்.

அம்மா உள்ளே அரிசியும்பருப்புச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். அப்பா வெளியே கயிற்றுக் கட்டிலில் கத்ரினை உட்கார வைத்து, இரண்டு காய் வெட்டினார். ஒன்று அவளுக்கு, ஒன்று தனக்கு. முதல் வாய் உறிஞ்சினார். அவளும் உறிஞ்சினாள். ஜெர்மனியில் விருந்தாளி தனக்குக் கொடுத்ததைச் சிந்தாமல் சிதறாமல் முடிக்க வேண்டும். மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் அடிவரை குடித்தாள். அப்பா காலிக்காயைப் பார்த்தார், எழுந்து போய் இன்னும் இரண்டு வெட்டி வந்தார். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் மரியாதைக்காக அதையும் முடித்தாள். அப்பா இன்னொரு முறை எழுந்தார். இரண்டு ஊர் மரியாதைகளும் இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தபோது, அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார். அப்பாவின் காலடியில் மட்டைகள் கிடந்தன.

"ஏனுங்க, என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க?"

"அட, சும்மாரு. வந்த புள்ள முன்னால நோவைப் பத்திப் பேசாதே" என்றாராம் அப்பா.

சாப்பிட்டுக் கைகழுவ எழப்போனபோது அவரால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. காலில் பலமே இல்லை என்றார். நாடி வெகுநேரத்துக்கு ஒருமுறைதான் துடித்தது. அம்மா வாய்விட்டு அழுதபடி மட்டைகளையும் அவர் இடுப்பையும் மாறி மாறிக் காட்டினார். கத்ரினுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் வைத்த கையும், இளநீர் மட்டையும், எழ முடியாத மனிதரும் அவளுக்குப் போதும். அவள் வந்த வாடகைக் காரிலேயே அப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்து, கோயமுத்தூருக்கு ஓட்டச் சொன்னாள்.

எனக்கு இங்கே காலை பத்து மணி. பம்பு ஓடும்போது எழும் மின்னோட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"உன் அப்பாவின் பொட்டாசியம் ஏழுக்கு மேல் போய்விட்டது" என்றாள் கத்ரின். ஐந்துக்குள் இருக்க வேண்டியது அது. குரல் நடுங்கியது; அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. "நான்தான் அவரைக் குடிக்க வைத்திருக்கிறேன். இப்போது இதயத்தைக் காக்க கால்சியம் கொடுத்துவிட்டார்கள். இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றுகிறார்கள்."

அதற்குமேல் அவள் விளக்கத் தேவையில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இன்சுலின் போய்த் தட்டினால் செல்களில் உள்ள பம்புகள் வேகமெடுத்து, இரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். மனிதச் செல்லின் பம்பு வேறு, நான் பட்டினி போட்டு வளர்க்கும் பாக்டீரியாவின் பம்பு வேறு. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் படத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், மாணவர்களுக்குப் பாடமெடுத்திருக்கிறேன். அன்று முதல் முறையாக அதனிடம் பேசினேன். இழு, இழு, எங்கப்பாவுக்காக இழு என்று திரையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிவியல் படித்தவள் செய்கிற காரியமா என்றால் இல்லைதான். பாஸ்போர்ட் இல்லாமல் வேறு எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாலையில் அம்மா பேசினார். "ஏறங்கிருச்சு கண்ணு. கண்ணு முழிச்சுட்டாரு. முழிச்சதும் என்ன கேட்டாருன்னு நெனைக்கறே? அந்தப் புள்ள சோறு உண்டுச்சான்னு கேக்கறாரு."

கத்ரின் விமானத்தைத் தள்ளிப்போட்டு, அம்மாவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். நான் இருக்க வேண்டிய இடம் அது. அவளுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள். ஆனாலும் அந்த நாட்களில் அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது.

5

பாஸ்போர்ட் வந்துவிட்டதே, போயிருக்கலாமே என்பீர்கள். இங்கே குடியிருப்பு அட்டை என்று ஒன்று உண்டு. அதுவும் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைக்க இரண்டு மாதம். கிடைத்த அன்று அங்கிருந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "உங்கள் வாழ்க்கையின் மையம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். தத்துவம் இல்லை, சட்டப்படி அது ஒரு கேள்வி. எங்கே வீடு, எங்கே வேலை, எங்கே குழந்தை படிக்கிறது என்று அர்த்தம். இந்த ஊர்தான் என்றேன். சொன்ன பதில் உண்மைதான். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது, வந்த இரண்டு டிராமையும் விட்டுவிட்டேன்.

அட்டை வந்தபோது என் மகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. விடுமுறை இல்லாத நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கே அபராதம் போடுவார்கள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கேட்டேன். அவர் உயிருக்கு இப்போது ஆபத்தா என்று பதிலுக்குக் கேட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுத வேண்டியதாயிற்று. நன்றாக இருப்பதால் போக முடியாது. கணவருக்கும் வேலை வெளியூரில்; பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாகப் போகவும் வழியில்லை. கோடை விடுமுறைக்குக் காத்திருந்தோம்.

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. வாரம் ஒருமுறை அவளை என் அப்பாவோடு பேசவைப்பேன். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்று கூப்பிடுவோம். அந்தச் சொல்லை மட்டும் திருத்தமாகச் சொல்வாள். மற்றபடி, "அப்பிச்சி, நீ சாப்ட்டியா? நீ மருந்து குடிச்சியா?" என்றுதான் வரும். கோயமுத்தூர்ப் பக்கம் நாய்க்குட்டியைக்கூட 'போங்க' என்று விரட்டுவார்கள் என்று கேலி பேசுவதுண்டு. அங்கே பேத்தி தாத்தாவை 'நீ' என்கிறாள். ஜெர்மன் மொழியில் அந்நியருக்குத்தான் 'நீங்கள்', வீட்டு ஆட்களுக்கெல்லாம் 'நீ'. அவள் அந்தக் கணக்கில் பேசுகிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்கன்னு சொல்லு" என்பேன். அந்தப் பக்கம் அப்பா, "உடு கண்ணு, அது பேசறதே பெருசு" என்பார்.

எனக்கு இதிலெல்லாம் இத்தனை பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கணவர் கேட்டார். ஊரில் இருந்தவரை நான் ஒரு 'ங்க'வுக்குக்கூட மெனக்கெட்டதில்லை; அது பாட்டுக்கு வாயில் வரும். இங்கே வந்தபிறகுதான் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அரிசியும்பருப்புச் சோற்றுக்குச் சின்ன வெங்காயம் தேடி மூன்று ஊர் கடைகளுக்குப் போயிருக்கிறேன். பஞ்சகாலத்துப் பம்பு என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பொட்டாசியம் நுழையும் கதவுகளைப்பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு உப்புத் துகளும் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். கதவு மிகவும் குறுகல். போர்வையோடு நுழைய முடியாது. வாசலில் தண்ணீரைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடுதான் தாண்ட வேண்டும். உள்ளே போனதும் பொட்டாசியம் மறுபடி தண்ணீரைச் சுற்றிக்கொள்கிறது. அது உள்ளே இருக்கும் தண்ணீர். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் வேகமாகப் பேசி அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

6

போன மாதம் போனோம்.

தோப்பு வாசலில் கார் நின்றபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலை பாதிக்குமேல் மூடியிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாதி ஆளாகிவிட்டார். இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசி ஏறும் இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. நான் அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

"வா கண்ணு. எளச்சுப்போயிட்டே" என்றார் என்னைப் பார்த்து. நான் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அது.

அம்மா முதல் வேலையாக என்னை உள்ளே இழுத்து ஒரு சங்கதியைச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகும் ஒறம்பரை வருவது நின்றபாடில்லை. உடம்பு விசாரிக்கவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களை ஒத்தையில் குடிக்கவிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. "நான் ஒரு வழி கண்டுபுடிச்சுப்போட்டேன்னாரு. என்னவோன்னு பாத்தா, காலி மட்டைய எடுத்து, தண்டைச் செருகி, கையில புடிச்சுட்டு உக்காந்துக்கறாரு. அவங்க உறிஞ்சுனா இவரும் உறிஞ்சறாரு. வெறுங்காத்து. ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

வெளியே வந்தபோது இனியா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். "அப்பிச்சி, எனக்கு ஒண்ணு குடு" என்று கேட்டிருக்கிறாள். அப்பா ஒரு மரக்கட்டைமேல் காயை வைத்து, வலது கையால் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார். முன்பு மூன்று வெட்டு. இப்போது அதற்குமேல் ஆயிற்று. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் கொடுவாளை வாங்கப் போனேன், "இரு" என்றார். தண்டைச் செருகிப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, நின்றபடியே உறிஞ்சிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே நடந்துபோனாள். சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அடுத்த காயைக் கட்டைமேல் வைத்தார்.

அது எனக்கு. வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நான் கேட்டதெல்லாம் இதுதான். அவர் பக்கத்தில், இந்தக் கட்டிலில், ஒரு சாயங்காலம். உடனே குடித்திருக்கலாம். என்னவோ, ஜெர்மனியில் பழகிய பழக்கமோ ஊர்ப்பழக்கமோ, அவர் உட்காரட்டும் என்று காயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அதற்குள் இனியா குடித்து முடித்து, மட்டையைக் கட்டிலருகே எறிந்துவிட்டு மறுபடி ஓடியிருந்தாள். அப்பா குனிந்து அதை எடுத்தார். உதறினார். தண்டை நேராக்கிச் செருகினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு எதுக்குங்கப்பா இதெல்லாம்?" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. அத்தன தூரத்துல இருந்து வந்தவங்கள ஒத்தையில குடிக்க உடறதா?"

அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொன்னார். பாசமாகத்தான் சொன்னார். பேத்திக்கு அவர் காயைச் சீவிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மகளுக்குத் துணை உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தோப்பில் நான் ஒறம்பரை ஆனது எந்த வருடம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

முதல் வாய் அவர் உறிஞ்சினார். வெறும் மட்டைக்குள் காற்று போகும் சத்தம் கேட்டது. பிறகு நான் குடித்தேன். அந்தத் தண்ணீர் மாறவே இல்லை. லேசான உப்பு, லேசான இனிப்பு. அவர் யானை வந்த கதையைச் சொன்னார். டயாலிசிஸ் அறையில் பக்கத்துப் படுக்கைக்காரர் கிணத்துக்கடவுக்காரர், அவருக்கும் தோப்பு, இரண்டு பேரும் தேங்காய் விலையைப் பேசியே நாலு மணி நேரத்தை ஓட்டிவிடுவோம் என்றார். நான் உறிஞ்சும்போதெல்லாம் அவரும் தண்டை வாயில் வைத்தார். நானும் ஒன்றும் தெரியாததுபோல இருந்தேன்.

காய் தீரப்போவது கையின் கனத்திலேயே தெரிந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. மிச்சம் வைக்க வேண்டிய அந்த ஒரு வாய் அடியில் இருந்தது. வைத்தால் அவர் எழுந்து முகம் கழுவப் போய்விடுவார், அம்மா சோற்றுக்குக் கூப்பிடுவார், நாளை விடிந்தால் டயாலிசிஸ்.

நான் தண்டை அடிவரை இறக்கி, சிறுபிள்ளையைப்போலச் சர்ரென்று உறிஞ்சி, காயைக் காலி செய்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். தன் வெறும் மட்டையைக் கட்டில்மேல் பத்திரமாக வைத்துவிட்டு, கொடுவாளை எடுக்க எழுந்தார்.